கல்லூரி மே மாதத்தில் முடிவாவதில்லை

(10, 11, 12-ஆம் வகுப்பு மாணவ மாணவியரும் பெற்றோரும் கலந்துகொண்ட கல்வி வழிகாட்டுக் கூட்டத்தில் நமது அறக்கட்டளை சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாள் முதல் நமது அலுவலகத்தில் கூட்டம் நிறைந்துவிடும். மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன படிக்க வைக்கலாம்? எங்கே சேர்க்கலாம்? நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். நமக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்புவோம். ஆனால் அந்த நேரத்தில் சொல்வதற்கு அதிகம் மிச்சம் இருப்பதில்லை. எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியும் என்பது பதினோராம் வகுப்பில் எடுத்த குரூப்பிலேயே பாதி முடிவாகியிருக்கும். எந்தச் சலுகை கிடைக்கும் என்பது ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளியிலும், வீட்டுப் பீரோவில் இருக்கும் சான்றிதழ்களிலும் முடிவாகியிருக்கும். பையனை அனுப்ப முடியுமா, பெண்ணை அனுப்புவார்களா என்பது வீட்டுப் பேச்சில் என்றைக்கோ முடிவாகியிருக்கும்.

ஆகவேதான் தேர்வுக்கு முன்பே உங்களை அழைத்திருக்கிறோம். கல்லூரியை மே மாதத்தில் தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அது பத்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. இன்று நாம் பேசப் போவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

நம் முன்னோர் கட்டிவைத்த வாசல்கள்

நம் பகுதிக்கு ஒரு பெருமை உண்டு. தோல் வணிகத்தில் சம்பாதித்த நம் பெரியவர்கள் அந்தக் காசில் பள்ளிகளையும் கல்லூரிகளையும் கட்டினார்கள். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-இல் தொடங்கப்பட்டது. நூறாண்டைத் தாண்டிவிட்டது. மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965-இல் வந்தது. தோல் வணிகத்தில் உயர்ந்து, சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே சித்தீக் சராயைக் கட்டிக் கொடுத்த வள்ளல் அப்துல் ஹக்கீம் சாஹிபின் பெயர் அது. ஆம்பூரில் மழ்ஹருல் உலூம் கல்லூரி 1969-இல் வந்தது. திருச்சி ஜமால் முகமது கல்லூரிக்கும் பெயர் தந்தவர் ஒரு தோல் வணிகரே.

இவற்றோடு வேலூரில் 1898-ஆம் ஆண்டிலிருந்து ஊரீஸ் கல்லூரி இருக்கிறது. திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி, காட்பாடியில் அக்சீலியம், வேலூரில் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, குடியாத்தத்தில் திருமகள் மில்ஸ் அரசுக் கல்லூரி, பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, எல்லாம் ரயிலிலோ பஸ்ஸிலோ போய்வரும் தூரத்தில்தான். கல்லூரி இல்லாத ஊர் என்று நாம் சாக்குச் சொல்ல முடியாது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வாசலுக்குள் போகிறார்கள், போனவர்களில் எத்தனை பேர் படிப்பை முடிக்கிறார்கள் என்பதே கேள்வி.

முதல் சம்பளம் என்னும் சோதனை

பையன்களைப் பற்றி முதலில் பேசுவோம். பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்த கோடை விடுமுறையில் பையன் ஷூ கம்பெனிக்குப் போகிறான். "ரெண்டு மாசம்தானே, சும்மா வீட்டில் இருப்பதற்கு" என்று சொல்லித்தான் அனுப்புகிறோம். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு புடவை, தங்கைக்குச் செருப்பு, தனக்கு ஒரு செல்போன். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஜூன் மாதம் கல்லூரி திறக்கும்போது அந்தச் சம்பளத்தை விட மனம் வருவதில்லை. போன் தவணை வேறு ஓடிக்கொண்டிருக்கும்.

நாம் இதைக் குறை சொல்லவில்லை. வீட்டு வாடகையும் அரிசிக் கணக்கும் தெரிந்தவர்கள்தான் நாமும். ஆகவே இந்தக் கணக்கை மறைக்காமல் போட்டுப் பார்ப்போம். ஒரு பையன் மாதம் 12,000 ரூபாய்க்கு வேலைக்குச் சேர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாண்டு பட்டப்படிப்புக்குப் போனால் 36 மாதச் சம்பளம், அதாவது 4,32,000 ரூபாய், வீட்டுக்கு வராது. கல்லூரிக் கட்டணத்தை விட இதுதான் பல குடும்பங்களுக்குப் பெரிய செலவு. இதைப் பேசாமல் "படி, படி" என்று மட்டும் சொன்னால் அது மேடைப் பேச்சாகத்தான் இருக்கும்.

இந்த 4,32,000 ரூபாயை ஒரு முதலீடாகப் பாருங்கள். முதலீடு என்றால் எதில் போடுகிறோம் என்று பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு பட்டம் என்று சேர்ந்து, அரியர் வைத்து, மூன்றாண்டு கழித்து அதே கம்பெனியில் அதே லைனில் அதே சம்பளத்துக்கு நிற்கும் பிள்ளைகளும் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். அவர்களைக் காட்டித்தான் "படித்து என்ன கிழித்தான்?" என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில், படிப்பைத் தொடங்கும்போதே "இது எந்த வேலைக்கு வழிவிடும்?" என்று கேட்டு வைப்பதுதான்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் வேலைக்குப் போவதில் தவறில்லை. ஆனால் கல்லூரி விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் போங்கள். தவணையில் எதையும் வாங்காதீர்கள். முதல் சம்பளத்தைக் கல்லூரிக் கட்டணத்துக்கென்று தாயிடம் கொடுத்து வையுங்கள்.

குரூப் எடுப்பது அரை மணி நேர வேலை அல்ல

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் பதினோராம் வகுப்பில் குரூப் எடுக்கிறோம். நண்பன் எடுத்ததை எடுப்பது, கணக்கு வராது என்று கணக்கை விடுவது, பள்ளியில் இடம் இருக்கும் குரூப்பில் சேர்வது, இப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது. ஆனால் இந்த அரை மணி நேரத்தில்தான் பல கதவுகள் மூடிக்கொள்கின்றன.

கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் எடுத்தவருக்கு இன்ஜினியரிங், மருத்துவம் இரண்டு பக்கமும் வழி இருக்கும். உயிரியலை விட்டால் நீட் இல்லை. கணிதத்தை விட்டால் இன்ஜினியரிங் படிப்புகளில் பெரும்பாலானவை இல்லை. தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்கு. கணித மதிப்பெண் முழுதாகவும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகவும் சேரும். கணிதத்தில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 எடுத்தவரின் கட்-ஆஃப் 90, 40, 42 சேர்ந்து 172. ஆகவே கணிதத்தில் கூடுதலாக எடுக்கும் ஒரு மதிப்பெண், மற்ற இரண்டில் எடுக்கும் இரண்டுக்குச் சமம். எந்தப் பாடத்தில் உழைக்க வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது.

காமர்ஸ் எடுப்பவர்கள் முடிந்தால் வணிகக் கணிதம் உள்ள குரூப்பை எடுங்கள். சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வில் நான்கு தாள்கள். அதில் ஒன்று கணிதமும் புள்ளியியலும்தான். சி.ஏ. என்றால் பணக்கார வீட்டுப் படிப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். உழைப்பு அதிகம் வேண்டும், பல முறை எழுதவும் நேரலாம். ஆனால் பல தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகளில் ஓராண்டுக்குக் கட்டுவதோடு ஒப்பிட்டால் அதன் பதிவுக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் குறைவுதான். பி.காம். படித்துக்கொண்டே எழுதலாம். ஏற்றுமதி செய்யும் இத்தனை கம்பெனிகள் உள்ள நம் ஊர்களில் கணக்காயர்களுக்கு வேலை இல்லாமல் போகாது.

பத்தாம் வகுப்போடு வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் இரண்டையும் யோசியுங்கள். டிப்ளமோ முடித்தவர் பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஹிஃப்ழ் முடித்து வயது கடந்துவிட்ட பிள்ளைகள் தனித்தேர்வராகவோ தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ பத்தாம் வகுப்பை எழுதிவிட்டுத் தொடரலாம். முழுக் குர்ஆனையும் மனனம் செய்த பிள்ளையால் பாடப் புத்தகத்தைப் படிக்க முடியாதா என்ன?

தோல் தொழிலுக்குள்ளேயே இருக்கும் மேல்படிகள்

"எங்கள் வீட்டில் எல்லோரும் தோலில்தான் இருக்கிறோம், இவனாவது வேறு எங்காவது போகட்டும்" என்கிறார்கள் சிலர். "எப்படியும் கம்பெனிக்குத்தான் போகப் போகிறான், படிப்பு எதற்கு?" என்கிறார்கள் வேறு சிலர். இரு சாராருக்கும் ஒன்று சொல்கிறோம். இந்தத் தொழிலில் தோல் உரிப்பதும் ஷூ தைப்பதும் மட்டும் வேலை அல்ல.

சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இயங்குகிறது. அதனோடு சேர்ந்து அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி பி.டெக். தோல் தொழில்நுட்பம் கற்பிக்கிறது. இன்ஜினியரிங் கலந்தாய்வு வழியாகவே சேரலாம். காலணி வடிவமைப்புக்கு மத்திய அரசின் எஃப்.டி.டி.ஐ. நிறுவனம் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. பி.எஸ்சி. வேதியியல் படித்தவருக்கு டேனரி லேபில் வேலை உண்டு.

பாலாற்று மாசு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் கொடுத்த தீர்ப்பு இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை அது நிலைநாட்டியது. 2025 ஜனவரி 30 அன்று அதே பிரச்சினையில் மீண்டும் கண்டிப்பான உத்தரவுகள் வந்தன. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஒழுங்காக நடந்தால்தான் இனி தொழில் நடக்கும். அதற்குக் கெமிக்கல் இன்ஜினியரும் சுற்றுச்சூழல் படித்தவரும் வேண்டும், சட்டம் படித்தவரும் வேண்டும். நம் ஆறும் நம் தொழிலும் இரண்டும் பிழைக்க வேண்டுமென்றால் அந்த நாற்காலிகளில் நம் பிள்ளைகள் உட்கார வேண்டும்.

மருத்துவத் துறையிலும் இப்படியே. எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்று இரண்டு மூன்று ஆண்டுகள் நீட் எழுதியே கழிப்பவர்கள் உண்டு. இந்தியாவில் நர்சிங்கில் பட்டப் படிப்பு முதலில் தொடங்கிய இடங்களில் ஒன்று வேலூர் சி.எம்.சி., ஆண்டு 1946. நர்சிங், லேப் டெக்னாலஜி, ரேடியாலஜி போன்ற படிப்புகளுக்கு நம் வீட்டுப் பக்கத்திலேயே இவ்வளவு பெரிய மருத்துவ நகரம் இருக்கும்போது அதை எட்டிப் பார்க்காமல் இருக்கலாமா?

கல்லூரியைப் பார்ப்பது எப்படி?

கட்டடத்தைப் பார்த்தும் விளம்பரப் பலகையைப் பார்த்தும் கல்லூரி எடுக்க வேண்டாம். நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, இந்த இடம் அரசு உதவி பெறும் பிரிவிலா, சுயநிதிப் பிரிவிலா? ஒரே கல்லூரியில், ஒரே பட்டத்துக்கு, இந்த இரண்டு பிரிவுகளிலும் கட்டணம் வெகுவாக மாறும். முதலில் உதவி பெறும் பிரிவுக்கு முயலுங்கள். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் பொதுவாக விண்ணப்பிக்க வேண்டும். உதவி பெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டையும் செய்யுங்கள். வட்டிக்குக் கடன் வாங்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்கு இதுதான் முதல் வழி.

இரண்டு, முழுப் படிப்புக்கும் எவ்வளவு ஆகும்? முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வருகிறோம். தேர்வுக் கட்டணம், பஸ் கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து மூன்று அல்லது நான்கு ஆண்டுக்கும் கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டாம் ஆண்டில் கட்ட முடியாமல் நிற்பது, முதலிலேயே வேறு படிப்பு எடுப்பதை விடக் கொடுமையானது.

மூன்று, அங்கீகாரம் இருக்கிறதா? எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, அந்தப் பாடத்துக்கு உரிய கவுன்சிலின் அனுமதி உண்டா என்பதைக் கல்லூரிக்காரர் சொல்லக் கேட்காமல், அந்தப் பல்கலைக்கழகம் அல்லது கவுன்சிலின் இணையதளத்திலேயே பாருங்கள். வெளிமாநிலத்தில் சீட் வாங்கித் தருகிறேன் என்று வரும் புரோக்கரிடம் அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். சேர்க்கையின்போது கல்லூரி அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருக்கிறது. வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்புவோருக்கும் இதே எச்சரிக்கை. நீட் தேர்ச்சி இல்லாமல் போனால் அந்தப் பட்டம் இங்கே செல்லாது. திரும்பி வந்தும் தகுதித் தேர்வு எழுத வேண்டும்.

நான்கு, சென்ற ஆண்டு அங்கே முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? கல்லூரியின் விளம்பரத் தாளில் இதைத் தேட வேண்டாம். நம் தெருவில் அங்கே படித்த ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.

பீரோவில் இருக்க வேண்டிய காகிதங்கள்

மதிப்பெண் இருந்தும் காகிதம் இல்லாமல் இடம் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். ஆகவே இந்தப் பகுதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குச் சாதிச் சான்றிதழில் உரிய பிரிவு இருக்க வேண்டும். அரசுப் பட்டியலில் அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகியோர் இருக்கிறார்கள். லப்பைகள் வீட்டில் தமிழ் பேசினாலும் உருது பேசினாலும் இதில் அடங்குவர். "நாங்கள் உருது பேசுகிறவர்கள், எங்களுக்குக் கிடைக்காது" என்று யாரும் ஒதுங்கிவிட வேண்டாம். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவராக இருந்தால் முதல் பட்டதாரிச் சான்று, இந்த நான்குக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். முடிவு வந்த வாரத்தில் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு, மருத்துவத்தில் 2020 முதலும் இன்ஜினியரிங் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பத்து வரை அரசுப் பள்ளியில் படிக்க வைத்துவிட்டு, "நல்ல மார்க் எடுத்தான்" என்று பதினொன்றில் தனியாருக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும். அடுத்தது, நம் சங்கங்கள் நடத்தும் பள்ளிகளில் பல அரசு உதவி பெறும் பள்ளிகள். அவை அரசுப் பள்ளிகளாகக் கணக்கில் வராது, இந்த ஒதுக்கீடும் அவற்றுக்கு இல்லை. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் மட்டும் அரசுப் பள்ளி மாணவர்களோடு, உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு.

அடுத்தது பெயர். நம் பிள்ளைகளின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, மாற்றுச் சான்றிதழில் ஒரு மாதிரி, ரேஷன் அட்டையில் இன்னொரு மாதிரி. முகமது, முஹம்மத், மொஹமத் என்று ஒரே பெயருக்கு ஆங்கிலத்தில் நான்கு எழுத்துக்கூட்டல். தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் இல்லவே இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும் பெயர்தான் ஆயுள் முழுவதும் வரும். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போது பள்ளியில் கையெழுத்து வாங்குவார்கள். அன்றைக்குப் பெற்றோரே நேரில் போய் எழுத்துக்கு எழுத்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

கடைசியாக, விண்ணப்பத்தில் கொடுக்கும் செல்போன் எண் உங்கள் வீட்டு எண்ணாக இருக்கட்டும். பிரவுசிங் சென்டர்காரரின் எண்ணையும் அவரது மின்னஞ்சலையும் போட்டுவிட்டு, ஓ.டி.பி. வரும் நாளில் அவர் கடை பூட்டியிருக்க, கலந்தாய்வைத் தவறவிட்டவர்கள் உண்டு. கல்லூரி வரிசையையும் மாணவரே வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போங்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றி

தாய்மார்களே, நம் பெண்பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். அதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. தயக்கமெல்லாம் தூரத்திலும் திருமணப் பேச்சிலும்தான் இருக்கிறது.

தூரத்துக்கு வழி இருக்கிறது. வாணியம்பாடியில் இஸ்லாமியா மகளிர் கல்லூரியும் மருதர் கேசரி ஜெயின் மகளிர் கல்லூரியும், மேல்விஷாரத்தில் மகளிர் கல்லூரியும், வேலூரில் டி.கே.எம்., காட்பாடியில் அக்சீலியமும் இருக்கின்றன. ஒரே தெருவிலிருந்து மூன்று நான்கு பெண்கள் ஒரே கல்லூரியில் சேர்ந்தால் போக வரத் துணை கிடைத்துவிடும். பக்கத்து வீட்டாரோடு இப்போதே பேசி வையுங்கள். நீட் போன்ற தேர்வுகளுக்கு ஹிஜாபோடு போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். போகலாம். சோதனைக்கு நேரம் எடுக்கும் என்பதால் அறிவிக்கப்பட்ட நேரத்துக்கு முன்கூட்டியே மையத்துக்குப் போய்விட வேண்டும்.

திருமணத்தைப் பொறுத்தவரை ஒன்று சொல்கிறோம். நல்ல இடம் வந்தால் பேசுங்கள். ஆனால் படிப்பை முடிப்பதைப் பற்றி நிச்சயத்துக்கு முன்பே இரு வீட்டாரும் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லில்தான் பல பெண்களின் மூன்றாம் ஆண்டு நின்றுபோயிருக்கிறது. பெண்களைப் படிக்க வைத்துவிட்டுப் பையன்களைப் பத்தாவதோடு நிறுத்தினால், நாளை இருவருக்கும் பொருத்தம் பார்ப்பதே கடினமாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தயாராவது எப்படி?

மாணவர்களே, பாடப் புத்தகத்தை வரிவரியாகப் படியுங்கள். வழிகாட்டி நூல் அதற்குப் பிறகுதான். வாரம் ஒரு பழைய வினாத்தாளை நேரம் வைத்து எழுதி, ஆசிரியரிடம் திருத்தி வாங்குங்கள்.

உருது வழியிலோ தமிழ் வழியிலோ படித்தவர்கள் கல்லூரியில் முதல் மூன்று மாதம் ஆங்கிலத்தில் தடுமாறுவது இயல்பு. இப்போதிருந்தே தினமும் இருபது நிமிடம் ஆங்கிலச் செய்தித்தாளை வாய்விட்டு வாசியுங்கள். வீட்டில் உருதுவும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளர்ந்தவர்கள் தமிழைக் கைவிட வேண்டாம். தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாள்களைத் திருத்தவே மாட்டார்கள்.

2024, 2025-ஆம் ஆண்டுகளில் பொதுத்தேர்வும் ரமலானும் சேர்ந்தே வந்தன. அப்படி வரும் ஆண்டுகளில் சஹருக்குப் பின் ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் படிக்கும் இரண்டு மணி நேரம் மிகவும் பயன்படும். அந்த நேரத்தில் செல்போனைத் தொடாதீர்கள். பெற்றோருக்கு ஒரு கோரிக்கை. தேர்வு எழுதும் பெண்பிள்ளையை இஃப்தார் அடுப்பு வேலையிலிருந்து அந்த ஒரு மாதம் விடுவியுங்கள். பெருநாள் துணி எடுக்கக் கடைவீதிக்கு அழைத்துப் போவதையும் தேர்வு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வசதி படைத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்

முன்பு போட்ட 4,32,000 ரூபாய்க் கணக்குக்கு மீண்டும் வருகிறோம். நாமும் நம்மைப் போன்ற அறக்கட்டளைகளும் பெரும்பாலும் முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டுகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் பையனைக் கல்லூரியிலிருந்து கம்பெனிக்கு இழுப்பது பல நேரம் கட்டணம் அல்ல, வீட்டுக்கு வராமல் போகும் மாதச் சம்பளம்தான். ஆகவே ஜகாத்தும் சதகாவும் தருகிற பெரியவர்கள், தகுதியுள்ள குடும்பம் ஒன்றை ஏற்று, மாதந்தோறும் ஒரு தொகையை மூன்றாண்டும் நிறுத்தாமல் கொடுக்க முன்வர வேண்டும். பத்துப் பேருக்கு ஓராண்டு கொடுப்பதை விட மூன்று பேரைப் பட்டம் வாங்கும் வரை கொண்டுசேர்ப்பது மேல். கம்பெனி நடத்தும் சகோதரர்கள், பதினெட்டு வயது நிறைந்த கல்லூரி மாணவருக்கு மாலையிலோ விடுமுறை நாளிலோ கணக்கு வேலை, ஏற்றுமதி ஆவண வேலை, லேப் வேலை கொடுத்தால் சம்பளமும் ஆகும், அனுபவமும் ஆகும்.

பெற்றோர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். சான்றிதழ்களை எடுத்துப் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். எது இல்லையோ அதற்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நீ என்ன ஆக விரும்புகிறாய்?" என்று கேட்டு, அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பதிலோ விண்ணப்பம் நிரப்புவதிலோ சந்தேகம் இருந்தால் நமது அலுவலகத்துக்கு வாருங்கள். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

தோலில் உழைத்த நம் முன்னோர் தங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டிய கல்லூரிகள் இவை. அந்த வாசலுக்குள் நம் பிள்ளைகள் போய், படிப்பை முடித்து வெளியே வருவதற்கு அல்லாஹ் அருள்புரிவானாக. தேர்வு எழுதும் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.